பூஜைக்கு வந்த டிஸ்க்

அத்தியாயம் 17

போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பப் பெறாதவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் மூன்று பத்தி தாண்டி வரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தில்லி கோல் மார்க்கெட் அருகே சுந்தரேஷும் அவன் மனைவி மேதாவும் காது கேட்கும் கருவி பொருத்துகிற சின்ன கிளினிக் ஒன்று நடத்துகிறார்கள். காதைப் பரிசோதிப்பது மேதா. மற்ற எல்லாம் சுந்தரேஷ். கம்ப்யூட்டரில் உள்ள அத்தனைக்கும் ஒரு நகல் வேண்டும், அந்த நகலும் கிளினிக்கிலேயே இருக்கக் கூடாது என்று அவன் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஸ்க். சனிக்கிழமை காலையில் கிளினிக்குக்கு வரும், நகல் ஏறும், சாயங்காலம் மோதி பாக்கில் இருக்கும் அக்கா காமாக்ஷியின் குவார்ட்டர்ஸ் பீரோவுக்குத் திரும்பிப் போய்விடும். கிளினிக் எரிந்தாலும் முழுகினாலும் பீரோவில் நகல் பத்திரம். க்ளவுடில் போடலாமே என்று யாராவது சொன்னால், "எங்க அக்கா பீரோதான் எனக்கு க்ளவுட்" என்பான்.

அந்த டிஸ்க்கைச் சரஸ்வதி பூஜைக்காகக் காமாக்ஷி கிளினிக்குக்கு எடுத்து வந்தாள். தொழில் செய்கிற சாமான் எல்லாம் பூஜையில் இருக்க வேண்டுமல்லவா. கம்ப்யூட்டர், பரிசோதனை மெஷின், ஃபைல் கட்டு, டிஸ்க் எல்லாவற்றையும் உள் அறையில் ஒரே மேஜையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் புனர்பூஜை வரை எதையும் தொடக் கூடாது என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். மேல் மாடிக்காரர் தண்ணீர் வராத குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, குடும்பத்தோடு துர்கா பந்தல் பார்க்கப் போனார். விடியற்காலையில் தண்ணீர் வந்தது. உள் அறைக் கூரை வழியாக நேரே மேஜைக்கு வந்தது.

விஜயதசமியன்று காலை கதவைத் திறந்த சுந்தரேஷ், கம்ப்யூட்டரைத் துண்டால் துடைத்த கையோடு ஸ்விட்சைப் போட்டான். ஒரு சத்தம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. டிஸ்க்கையும் சொருகப் போனவனை மேதா கையைப் பிடித்துத் தடுத்தாள். அதற்குப் பிறகு அவன் அக்காவுக்கு ஃபோன் செய்து, "உன்னை யார் அதைத் தூக்கிண்டு வரச் சொன்னா?" என்று கத்தியதும், அக்கா பதில் பேசாமல் ஃபோனை வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. எல்லோருமே களைத்துப் போயிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எழுதுகிற எனக்கும் அவர்களைப் பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையை நடுவில் விட முடியாது.

கிளினிக்கில் ஈரச் சுண்ணாம்பு வாடை போகவில்லை. மேதா ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, நனைந்த ஃபைல்களை வரவேற்பு அறை நாற்காலிகளில் பரப்பியிருந்தாள். பிரிண்டர் மை கரைந்து, கிராஃப் காகிதங்கள் எல்லாம் வெளிர் நீலமாகக் கிடந்தன. ஒன்றிலும் ஒரு கோடு கூடத் தெரியவில்லை. ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் காபி போட்டு, குடிக்க மறந்து, ஆறியதை ஊற்றிவிட்டு வந்திருந்தாள்.

அவள் எதற்காகப் பயந்துகொண்டிருந்தாளோ, அது பத்து நிமிஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

"மேடம், பவுனு பேப்பரு ரெடியா?" என்றாள் உமாமகேஸ்வரி.

உமாமகேஸ்வரி சாணக்யபுரியில் இரண்டு வீட்டில் வேலை செய்கிறவள். விழுப்புரம் பக்கம். புருஷன் ரவிக்குமார் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போகிறான். ஒரே பெண் பவுனு, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காதுக்கு உள்ளே ஆபரேஷன் செய்து வைக்கிற கருவிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மனுப் போட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. சாதாரண மெஷினைப் போட்டு நாளாகப் பார்த்தும் குழந்தைக்குப் பலன் இல்லை என்பதற்கு, ஒவ்வொரு தடவையும் எடுத்த கிராஃபை அவர்கள் கேட்கிறார்கள். ஐந்து வயது தாண்டினால் அந்தத் திட்டத்தில் இடம் கிடையாது. பவுனுக்குக் கார்த்திகையில் ஐந்து முடிகிறது.

"உக்காரு உமா" என்றாள் மேதா.

"உக்கார நேரமில்ல மேடம். ஒரு வீட்ல சொல்லிட்டு வந்தேன், இன்னொரு வீட்ல சொல்லவே இல்ல. குடுத்தீங்கன்னா அப்பிடியே போயிடுவேன்."

பவுனு மேதாவின் மடியில் ஏறிக்கொண்டு, வழக்கம்போல அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டது. யாராவது பேசினால் அந்தக் குழந்தை அப்படித்தான் தொட்டுப் பார்க்கும். மேதாவுக்குப் பேச்சு வரவில்லை. குழந்தை கையை எடுக்காமல் காத்திருந்தது.

"இங்க என்ன மேடம், எல்லாத்தையும் காயப் போட்டிருக்கீங்க?"

"மேல் வீட்டுக் குழாய். தண்ணி வந்துடுத்து."

"அய்யய்யோ. பவுனு பேப்பரு நனையலியே?"

மேதா பொய் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை நேரே ஆஸ்பத்திரியில் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நேற்று ஃபோனில் அப்படித்தான் சமாளித்தாள். இன்றைக்குச் சமாளிக்கத் தெம்பு இல்லை.

"நனைஞ்சுடுத்து உமா. கம்ப்யூட்டரும் போயிடுத்து. அதோட காப்பி ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துண்டு சார் நேரு ப்ளேஸ் போயிருக்கார். வருமா வராதான்னு இன்னும் தெரியலை."

உமாமகேஸ்வரி நின்றபடியே இருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. நாற்காலியில் பரப்பியிருந்த காகிதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. நீலக்கறையை மட்டும் பார்த்தாள்.

"எங்க வூட்ல வெச்சா ஒழுகும்னுதான் மேடம் உங்ககிட்ட குடுத்து வெச்சேன்" என்றாள். "தகர ஷீட்டு. மழை வந்தா பாத்திரம் வெக்கறதுக்கே எடம் இருக்காது. உங்க கடை கட்டடம்தானே, பத்திரமா இருக்கும்னு அவருகிட்டயும் சொன்னேன்."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் மேதாவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான்" என்றாள்.

நேரு ப்ளேஸில் இரண்டாவது மாடி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஏசி மட்டும் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து உள்ளதை மீட்டுத் தருகிற கடை. நடத்துகிற பெண் பெயர் ப்ரீதா. முப்பது வயதுக்குள் இருக்கும், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த உடனேயே அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஈரத்தோட ஆன் பண்ணீங்களா அங்கிள்?"

"ஒரே ஒரு தடவை. ஓடறதான்னு பாக்கலாம்னு."

"ஒரு தடவை போதும். இது கயா, போயே போச்சு. இதுலேர்ந்து ஒண்ணும் வராது." அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, டிஸ்க்கை எடுத்துத் திருப்பினாள். "இதுல மஞ்சளா என்னது, துருவா?"

"சந்தனம்."

ப்ரீதா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு, டிஸ்க்கோடு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள்.

சுந்தரேஷ் ப்ளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தான். கண்ணை மூடியவன் திறந்தபோது பக்கத்து நாற்காலியில் காமாக்ஷி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸர், ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம்.

"நீ எப்படி வந்தே?"

"மெட்ரோலதான்."

"எதுக்கு வந்தேன்னு கேட்டேன்."

"உக்காந்துக்கத்தான் வந்தேன். சாப்பிட்டியா?"

அவள் கைப்பையிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்து அவன் மடியில் வைத்தாள். நேற்று கத்தினவன் மடியில் இன்று தயிர்சாதம் வைக்க அக்காமார்களுக்குத்தான் வரும். அவன் டப்பாவைத் திறக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"ஏன் அக்கா எடுத்துண்டு வந்தே?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. இப்போது குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "பீரோவுலயே இருந்திருந்தா இன்னிக்கு இந்த அவஸ்தை உண்டா?"

"உண்டாயிருக்காது" என்றாள் காமாக்ஷி.

"அப்பறம்?"

"வந்தாச்சு. இனிமே அதைப் பேசி என்ன?"

அவன் இன்னும் கேட்டிருப்பான். அதற்குள் ப்ரீதா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"சுனியே அங்கிள், கேளுங்க. டிஸ்க் உயிரோட இருக்கு. ஆனா உள்ள இருக்கறதைப் படிக்கற ஹெட் வீக். எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது, பாதியிலயே நின்னுடலாம். ரெண்டு பாகமா வெச்சிருக்கீங்க. ஒண்ணுல காது மெஷின் செட்டிங்ஸ், இன்னொண்ணுல டெஸ்ட் கிராஃப். ரெண்டுமே பெரிசு. எது முதல்ல வேணும்? அந்த முதல் பாகம் மட்டும்தான் கிடைச்சுதுன்னு வெச்சுக்கோங்க."

சுந்தரேஷ் எழுந்து நின்றான். செட்டிங்ஸ் என்றால் எண்ணூறு சொச்சம் பேர். யார் காதுக்கு எந்தச் சத்தத்தை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று மேதா வருஷக் கணக்காக உட்கார்ந்து கண்டுபிடித்தது. அது போனால் கிளினிக்கே போன மாதிரி. அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். கிராஃப் என்றால் பழைய பரிசோதனைகள். அதை யார் கேட்கப் போகிறார்கள், பவுனைத் தவிர.

"ஜல்தி சொல்லுங்க" என்றாள் ப்ரீதா. "அது சும்மா சுத்திண்டிருக்கறதும் நல்லதில்ல."

அவன் மேதாவைக் கூப்பிட்டான்.

மேதா ஃபோனை எடுத்தபோது உமாமகேஸ்வரி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை. மேதா ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை மேஜைமேல் வைத்தாள். இனி இவளிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

சுந்தரேஷ் விஷயத்தைச் சொன்னான். கடைசியில், "செட்டிங்ஸைத்தான் முதல்ல எடுக்கச் சொல்லணும், இல்லையா?" என்றான். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை.

"கிராஃபை எடுக்கச் சொல்லுங்க."

"மேதா, எண்ணூறு பேர்."

"அவாளை மறுபடி வரச் சொல்லி உக்கார வெச்சு டெஸ்ட் பண்ணிக்கலாம். எனக்கு முதுகு ஒடியும், ஒடியட்டும். பவுனுக்கு இன்னிக்குக் காது கேக்கலைன்னு இன்னிக்கு எழுதலாம். ரெண்டு வருஷமா மெஷின் போட்டும் கேக்கலைன்னு இன்னிக்கு எழுத முடியாது. போன வருஷத்தை நான் திரும்ப டெஸ்ட் பண்ண முடியாது, புரியறதா?"

உமாமகேஸ்வரி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நம்ம பிழைப்பு மேதா அது" என்றான் மெதுவாக. "அக்கா பண்ணின காரியத்துக்கு நாம எவ்வளவுதான்..."

"அக்காவைச் சொல்லாதீங்க." மேதா ஃபோன் பக்கம் குனிந்தாள். "நான்தான் எடுத்துண்டு வரச் சொன்னேன். ஃபோன் பண்ணிச் சொன்னேன். அதுவும் நம்ம தொழில் சாமான்தானே, அது மட்டும் பீரோவுல கிடக்கறது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. அக்கா வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கலை. நேத்தி நீங்க அவாளைப் பாத்துக் கத்தறச்சே பக்கத்துல நின்னுண்டு, வாயைத் திறக்காம இருந்தேன். வெக்கமா இருக்கு."

நேரு ப்ளேஸில் சுந்தரேஷ் திரும்பி அக்காவைப் பார்த்தான். காமாக்ஷி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொல்லி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சண்டை வேற வரணுமா? இருக்கற கஷ்டம் போறாதா?"

அவனுக்கு அந்த இடத்திலேயே எழுந்து அவள் காலில் விழலாம் போலிருந்தது. அதற்கும் தெம்பு இல்லை. ப்ரீதாவிடம், "கிராஃபையே எடுத்துடும்மா" என்றான்.

"பக்கா?"

"பக்கா."

மத்தியானம் பூராவும் அது ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைக் கோடு நகரும், நிற்கும், மறுபடி நகரும். அது நிற்கும்போதெல்லாம் சுந்தரேஷ் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். காமாக்ஷி தயிர்சாதத்தைத் திறந்து, ஸ்பூனை அவன் கையில் கொடுத்து, சாப்பிட வைத்தாள். கோல் மார்க்கெட்டில் உமாமகேஸ்வரி இரண்டு வீட்டுக்கும் ஃபோன் செய்து இன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு துணியை எடுத்து உள் அறைத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். மேதா தடுத்தபோது, "சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும் மேடம்" என்றாள். பிறகு இருவருமாகத் துடைத்தார்கள்.

சாயங்காலம் ஆவதற்குள் ப்ரீதா வெளியே வந்தாள். அவளுக்கும் களைப்பு. ஆனாலும் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"கிராஃப் பாகம் முழுசும் வந்தாச்சு அங்கிள். அதுக்கப்பறம் ஹெட் போயிடுத்து, செட்டிங்ஸ் இல்லை. ஸாரி. வாங்க, சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

சுந்தரேஷுக்குக் கண்ணில் நீர் வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். ப்ரீதா திரையில் பவுனின் பெயரைத் தேடி எடுத்தாள். கிராஃப்கள் வரிசையாக வந்தன. முதல் பரிசோதனை, முதல் மெஷின், இரண்டாவது மெஷின். சிவப்பும் நீலமுமாகக் கோடுகள், அத்தனையும் தெளிவாக இருந்தன.

"அடுத்தது?" என்றான்.

"அவ்வளவுதான் அங்கிள்."

"இல்லையே. இந்த வருஷம் எடுத்ததெல்லாம் இருக்கணுமே. பெரிய மெஷின் போட்டப்பறம் எடுத்தது. கமிட்டி அதைத்தான் கேக்கறது."

ப்ரீதா மற்றவர்களின் பெயர்களையும் திறந்து பார்த்தாள். பெயரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"இந்த டிஸ்க்ல யாருக்குமே ஜனவரிக்கு அப்பறம் ஒண்ணும் இல்ல அங்கிள். தண்ணியால போனதில்ல இது. எழுதவே இல்ல."

காமாக்ஷி குனிந்து திரையில் இருந்த தேதியைப் படித்தாள். முப்பது வருஷமாகத் தேதி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை.

சுந்தரேஷுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நகல் ஏறும்போது கம்ப்யூட்டர் மந்தமாகிவிடும். சனிக்கிழமை கூட்டம் அதிகம். ஒரு வாரம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அடுத்த வாரமும் விட்டான். ஆனால் டிஸ்க்கை மட்டும் தவறாமல் தூக்கிக்கொண்டு வந்தான், சாயங்காலம் தவறாமல் மோதி பாக்கில் கொண்டுபோய்க் கொடுத்தான், காபி குடித்துவிட்டுத் திரும்பினான். டிஸ்க் போய் வருவதே வேலை என்று ஆகிவிட்டது. அதில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று ஒரு நாள் கூடத் திறந்து பார்க்கவில்லை. பீரோவிலேயே பத்திரமாக இருந்திருந்தாலும் இதே ஜனவரிதான் இருந்திருக்கும்.

"வாராவாரம் கொண்டு வந்தியேடா" என்றாள் காமாக்ஷி. அவள் சொன்னது அவ்வளவுதான்.

ஃபோன் அடித்தது. மேதா. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். காமாக்ஷி அந்த ஃபோனை எடுத்து, அவன் கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டாள்.

"நீயே சொல்லு."

அவன் பச்சைப் பட்டனைத் தொட்டான்.

"வந்துடுத்தா?" என்றாள் மேதா. பின்னால் ஃபேன் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"மேதா, அக்கா பேர்ல தப்பு இல்லை. உன் பேர்லயும் இல்லை. நான்தான். பொங்கலுக்கு அப்பறம் நான் அதுல எதையுமே காப்பி பண்ணலை. சும்மாத் தூக்கிண்டு போயிண்டும் வந்துண்டும் இருந்திருக்கேன்."

அவன் அவள் பெயரை இன்னொரு தடவை சொன்னான்.

பிறகு வேறொரு குரல், ஃபோனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, மரியாதையாகக் கேட்டது.

"சார், நீங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியல. பவுனு பேப்பரு கெடைச்சிடுச்சுங்களா சார்?"